சாவு விழாத வீட்டு ஒப்பாரி

சுண்ணாம்புமேட்டுக் கலியம்மாளின் ஆல்பம் ஓடுகிற வீட்டில் தூசி தங்காது. இரண்டாவது பாட்டுக்குள் அலமாரி மேல் இருப்பது கிளம்பிவிடும். மூன்றாவதில் கட்டிலுக்கு அடியில் இருப்பது கிளம்பும். நாலாவது முடியும்போது மொத்தமும் வாசற்படியைத் தாண்டித் தெருவுக்குப் போயிருக்கும். ஒருமுறை போட்டால் இரண்டு நாள் தாங்கும், மழை பெய்தால் மூன்று நாள். இதன் அருமை அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற ரோட்டோரத்தில் குடியிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காயப்போட்ட வேட்டியை உதறினால் ஒரு கை மாவு கொட்டுகிற ஊர்கள் அவை. விருந்தாளி வந்தால் முதலில் நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் வாங்க என்பார்கள். 2023 சித்திரையில் தொடங்கி அடுத்த தை வரைக்கும் இந்தத் தொல்லை இல்லாமல் இருந்தது. ரெட்டிபாளையம் சாலையில் யாரை நிறுத்திக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள். அந்த ஆல்பத்தில் என்ன பாட்டு இருக்கிறது என்று கேட்டால் மட்டும் முழிப்பார்கள்.

கலியம்மாளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பருத்தி எடுக்கிற காலத்தில் பருத்தி எடுப்பாள், மற்ற நாளில் நூறு நாள் வேலைக்குப் போவாள், எழவு விழுந்தால் ஒப்பாரிக்குப் போவாள். பேண்டு செட்டுக்காரர்கள் டெம்போவில் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். பந்தலில் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டு, செத்தவர் பேர், பிள்ளைகள் எத்தனை, பாகப் பிரிவினைச் சண்டை ஏதும் உண்டா என்று மூன்று விவரத்தைக் காதில் சொன்னால் போதும். கால்மணி நேரத்தில் பந்தலே மூக்கைச் சிந்தும். ஒப்பாரியில் ஒரு சௌகரியம் உண்டு. வாய்விட்டுப் பேச முடியாததை எல்லாம் அழுகையோடு அழுகையாகப் பாடிவிடலாம். மருமகள் மாமியாரைச் சொல்லலாம், தங்கை அண்ணனைச் சொல்லலாம், யாரும் குறுக்கே பேசக்கூடாது. பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் அதையும் ஒப்பாரியாகத்தான் சொல்ல வேண்டும். பாடத் தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கலியம்மாளின் அக்கா பச்சையம்மாளுக்குப் பாடத் தெரியாது. ரஞ்சன்குடியில் வாழ்க்கைப்பட்டு, கோட்டைக்குக் கீழே பெரிய ரோட்டோரத்தில் இட்லிக் கடை போட்டிருந்தவள். 2011 ஆடியில் அவர்களுடைய ஆத்தா செத்துப்போனாள். அதற்கு முன்னால் மூன்று மாதம் பேச்சும் இல்லாமல் நினைவும் இல்லாமல் கலியம்மாள் வீட்டில்தான் கிடந்தாள். காலையில் கஞ்சி ஊட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டு வந்தால், சில நாள் ஆத்தாவின் தலை எண்ணெய் வைத்து வாரிப் பின்னியிருக்கும். அடுத்த வீட்டுச் சுமதி செய்திருப்பாள், நல்ல பெண் என்று கலியம்மாள் நினைத்துக்கொள்வாள். கேட்டதில்லை. அக்கா ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்றுதான் மனசுக்குள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

எழவு அன்றைக்கு அக்காளும் தங்கையும் வாசலில் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கலியம்மாள் பாடினாள். கூலிக்குப் பாடியதை விட நூறு மடங்கு நன்றாக வந்தது. வந்த வேகத்தில் இதுவும் வந்துவிட்டது:

முத்துப் பந்தல் ஆண்டவளே – என்னப் பெத்தவளே
மூணு மாசம் கெடந்தியே
மூத்த மவ மொகம் தேடி – என்னப் பெத்தவளே
மொகட்டப் பாத்துக் கெடந்தியே

பந்தலில் ஒரு கிழவர் என்னா பாட்டுடா என்று தலையை ஆட்டினார். கலியம்மாளுக்கு அந்த அழுகையிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அவள் செய்த தப்பு அந்தப் பெருமைதான். பச்சையம்மாள் தங்கையின் கழுத்திலிருந்து கையை எடுத்தாள், எழுந்தாள், முந்தானையை உதறிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். ஒரு மாதம் கழித்துத்தான் மற்றது தெரிந்தது. அந்த மூன்று மாதமும் பச்சையம்மாளின் புருசன் லாரியில் அடிபட்டுக் கால் முறிந்து திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். ஆத்தா கிடக்கிற வீட்டில் இதையும் சொல்லி அழுவானேன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கலியம்மாள் இரண்டு தடவை ரஞ்சன்குடிக்குப் போய்ப் பார்த்தாள். முதல் தடவை பச்சையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று, "என்ன வேணுங்க?" என்று கேட்டாள். கூடப் பிறந்தவளைப் பார்த்து ங்க! அடித்திருந்தால்கூட வலித்திருக்காது. கலியம்மாள் இட்லி என்றாள். இட்லி வந்தது, சாம்பார் வந்தது, "சட்னி போதுங்களா?" என்ற கேள்வியும் வந்தது. இரண்டாவது தடவையும் அதே ங்க. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் வார்த்தை வருவேனா என்றது. அவளுக்குப் பேசத் தெரியாது, பாடத்தான் தெரியும். சாவு விழாமல் ஒப்பாரி பாடக்கூடாது என்பதோ நாடறிந்த விஷயம். பாடினால் பாடின வீட்டுக்கு ஆகாது. இப்படியே பதினொரு வருசம் போயிற்று.

செல்லப்பன் என்று ஒருவன் பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தான். ஏலாக்குறிச்சித் தேருக்கும் அவன்தான், எழவுக்கும் அவன்தான். நசுங்கின வாத்தியம், ஓட்டை விழுந்த இடத்தில் பைப்புக்கு அடைக்கிற பசையை வைத்து அடைத்திருந்தான். 2022-இல் ஒரு எழவு வீட்டில் பிணம் எடுக்கத் தாமதமானபோது அவன் தன் போனில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். இயர்போனில் ஒன்றைக் கலியம்மாள் வாங்கிக் காதில் வைத்தாள். ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள், பின்னால் ஒரு வாத்தியம் அவள் அழுததையே திருப்பி அழுதுகொண்டிருந்தது.

"இதுல யாரு தம்பி செத்தது?" என்றாள் கலியம்மாள்.

"யாரும் சாவலக்கா. அமெரிக்காவுல பருத்திக் காட்டுல வேல செஞ்சவங்க வூட்டுப் பாட்டு. ப்ளூஸுன்னு பேரு. உசுரோட இருக்கறவங்கள நெனச்சுத்தான் அழுவுறாங்க."

"உசுரோட இருக்கறவங்களுக்கா? அப்புடி அழுவலாமா?"

"அங்க அழுவலாமாம்."

கலியம்மாள் அந்த நாட்டு வழக்கத்தை ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு, போனில் அடுத்து ஓடியது என்ன என்று கேட்டாள். இது ஜாஸ், எழவு முடிந்து திரும்பி வரும்போது பேண்டு செட்டு ஆளாளுக்கு இஷ்டத்துக்கு வாசிக்கும் இல்லையா, அதுதான் என்று செல்லப்பன் சொன்னான். அவளுக்கு விளங்கிவிட்டது. "நானும் ஒண்ணு பாடணும் தம்பி" என்றாள்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உரக்கடை மாடியில் தமிழ்மாறன் ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருந்தான். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை. காதணி விழா அழைப்பும், தேர்தல் வந்தால் ஆட்டோவில் கத்துகிற விளம்பரமும் அங்கே பதிவாகும். கிட்டார் நன்றாக வாசிப்பான், வாசிக்கத்தான் வேலை வரவில்லை. மூன்று பேரும் கூடினார்கள். மைக்கின் முன்னால் நின்றதும் கலியம்மாளுக்குக் குரல் வரவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள், வெந்நீர் கொடுத்தார்கள், வரவில்லை. சாவு இல்லாமல் எப்படி வரும்? கடைசியில் தமிழ்மாறன், போன வாரம் செத்துப்போன தன் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து நடுவில் வைத்து, தலைமாட்டில் ஒரு ஊதுபத்தி ஏற்றினான். கலியம்மாள் அதைப் பார்த்தாள். பத்து வருசம் உழைத்த உடம்பு என்று அவன் சொன்னான். குரல் மடை திறந்துகொண்டது. நாலு பாட்டு ஒரே நாளில் முடிந்தது. சாக்ஸபோன் அவள் விட்ட மூச்சை எடுத்துக்கொண்டு போய் எங்கெங்கோ சுற்றிவிட்டு அவளிடமே கொண்டுவந்து விட்டது. கிட்டார் பறையடியை வாங்கிக்கொண்டு நடை பழகியது. கேட்டுப் பார்த்தபோது மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவு நன்றாக இருந்தது. ஐந்தாவது பாட்டுக்கு மட்டும் கலியம்மாள் கம்ப்யூட்டரை வெளியே எடுக்கச் சொன்னாள். இதுக்கு அது வேணாம் என்றாள்.

ஒப்பாரியில் கடைசிக்கு முந்தின பாட்டு வழி சொல்கிற பாட்டு. போகிற உசிருக்கு எந்தப் பக்கம் போகணும், எங்கே திரும்பணும் என்று விவரமாகச் சொல்லி அனுப்புவது. கலியம்மாள் நாலாவது பாட்டில் சொன்ன வழி இது: அரியலூரில் ஏறு, குன்னம் தாண்டு, பெரம்பலூரில் மாறு, வாலிகண்டபுரம் கழிந்தால் கோட்டை தெரியும், கோட்டைக்குக் கீழே அடுப்புப் புகையும் வாசலில் போய் நில்லு. ஐந்தாவது பாட்டில், போய் நின்றபின் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். ஆல்பத்துக்குச் சாவு விழாத வீட்டு ஒப்பாரி என்று பேர் வைத்து இண்டர்நெட்டில் ஏற்றினார்கள்.

ஏழு மாதத்தில் நாற்பத்தொரு பேர் கேட்டார்கள். அதில் பாதி தமிழ்மாறன். சென்னையில் இசை தெரிந்த ஒருவருக்கு அனுப்பினார்கள், நாட்டுப்புறப் பாட்டில் சாக்ஸபோன் எதற்கு என்று பதில் வந்தது. ஜாஸ் தெரிந்த இன்னொருவருக்கு அனுப்பினார்கள், ஜாஸில் ஒப்பாரி எதற்கு என்றார். ஊரில் கேட்கவே வேண்டாம். நல்ல நாளும் பொழுதுமா வூட்ல எழவுப் பாட்டா, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா கலியம்மா என்றார்கள். பச்சையம்மாள் காதில் எப்படியும் விழும் என்று நினைத்துப் பாடியவள், ஐந்தாவது பாட்டை ஊரில் ஒரு நாய்கூடக் கேட்கவில்லை என்று தெரிந்து இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

அடுத்த வீட்டுச் சுமதி தையல் மெஷின் வைத்திருந்தாள். கலியம்மாள் கேட்டுக்கொண்டதற்காகப் போனில் ஏற்றி வைத்திருந்த ஆல்பம் 2023 சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை கை தவறி ஓடிவிட்டது. சத்தம் குறைவாக இருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. ஸ்கூல் யூனிபாரத்துக்கு வெட்டி வைத்த வெள்ளைத் துணி மேலிருந்து தூசி எழுந்து, போனைச் சுற்றி ஒரு முழ உயரத்தில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு வரிசையாக வாசல் வழியே வெளியே போனதைத்தான் பார்த்தாள். பயப்பட நேரமில்லை, தைக்க வேண்டிய துணி நிறைய இருந்தது. மறுநாளும் போட்டாள், மறுநாளும் போயிற்று. வாரக் கடைசிக்குள் தெரு முழுக்கப் போட்டார்கள். ஐப்பசிக்குள் அரியலூர், பெரம்பலூர் இரண்டு ஜில்லாவிலும் பரவிவிட்டது. ஒரு ஆபீஸில் பழைய பைல் அறைக்கு என்றே ஒரு போன் வைத்தார்கள். தா.பழூரில் நெல் தூற்றுகிற களத்தில் போட்டுப் பார்த்தார்கள், பதருக்கு மட்டும் அது கேட்கவில்லை.

எல்லோரும் போட்டார்கள், எல்லோரும் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டுப் போட்டார்கள். எழவுப் பாட்டு காதில் விழாமல் இருந்தால் தோஷமில்லை என்று அவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். ஊமையாக வைத்தால் வேலை செய்யவில்லை, சத்தத்தை ஒரு புள்ளி கூட்டி வைத்தால் செய்தது. இன்னொரு கட்டுப்பாடும் வந்தது. நாலாவது பாட்டோடு நிறுத்திவிட வேண்டும். ஒப்பாரி முடிந்தால் பாடை கிளம்பணும், முடிய விட்டால் எதைக் கிளப்புவது? ஆகவே ஐந்தாவது பாட்டு தொடங்குமுன் எங்கிருந்தாலும் ஓடி வந்து அணைத்தார்கள். அடுப்பில் பால் பொங்கினாலும் முதலில் போனுக்குத்தான் ஓடினார்கள்.

கலியம்மாளுக்குப் பேர் வந்துவிட்டது. உடையார்பாளையம் பக்கம் ஒரு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் அவள் பாட்டை ஓட விட்டார்கள், ஓடுகிறதா என்று அவளே கேட்க வேண்டியிருந்தது. கடைத்தெருவில் பார்க்கிறவர்கள், "ஒன் பாட்டு நல்லா வேல செய்யுது கலியம்மா" என்றார்கள். "அஞ்சாவது கேட்டீங்களா?" என்று கேட்டால், "அய்யய்யோ, அத யாரு போடுவா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இரண்டு ஜில்லாவில் பாட்டு ஓடாத வீடு இல்லை, கேட்ட மனுசர் ஒருவர் இல்லை. தூசி ஒன்றுதான் கேட்டது. பாவம், அதற்கும் நாலு பாட்டுதான்.

நாலாவது பாட்டில் வழி சொல்லியிருந்தது அல்லவா, தூசி அந்த வழியே போயிற்று. முதலில் கண்டவர் குன்னம் வழியாகப் போகும் பஸ்ஸின் கண்டக்டர். காற்றே இல்லாத ஒரு மத்தியானத்தில் ரோட்டின் இடது ஓரமாக, இடுப்புயரத்துக்கு வெள்ளையாக ஒன்று மேற்கே போய்க்கொண்டிருந்ததாகவும், ஹார்ன் அடித்ததும் ஒதுங்கி வழி விட்டதாகவும் சொன்னார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அது கொஞ்ச நேரம் நின்று, பிறகு வடக்கே திரும்பியது. கலியம்மாள் இதைக் கேள்விப்பட்டாள். தன் பாட்டுத்தான் போகிறது என்று அவளுக்கு விளங்கியது. ஆனால் பாதிப் பாட்டு போய் என்ன செய்யும்? வழி தெரிந்து வாசலில் நிற்கும், வந்த சேதி என்னவென்று சொல்லத் தெரியாது. அன்றைக்கு அவள் பருத்திக் காட்டிலேயே உட்கார்ந்து அழுதாள்.

ரஞ்சன்குடியில் நடந்தது எல்லாம் பிற்பாடு பச்சையம்மாளே சொல்லித் தெரிந்ததுதான். ஆவணியில் கடை வாசலில் ஒரு சாண் தூசி. கூட்டித் தள்ளினாள். சாயங்காலம் வந்துவிட்டது. புரட்டாசியில் முழங்கால் உயரம், கார்த்திகையில் இடுப்பு உயரம். உள்ளே வரவில்லை, இட்லித் தட்டில் ஒரு துளி விழவில்லை, வாசலை மட்டும் அடைத்துக்கொண்டு நின்றது. லாரிக்காரர்கள் அடுத்த கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். மார்கழியில் நெஞ்சுயரம் ஆனபோது, ஊரெல்லாம் போடுகிற தூசி விரட்டும் பாட்டை நீயும் போட்டுப் பாரேன், நாலாவதோடு அணைத்துவிடு என்று யாரோ அவள் போனுக்கு அனுப்பிவிட்டுப் போனார்கள். ஒரு புள்ளி சத்தத்தில் வைத்தாள். முதல் இழுப்பிலேயே குரலைக் கண்டுகொண்டாள். அணைத்துவிட்டாள். அடுப்பை அணைத்தாள். போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

மூன்று நாள் பார்த்தாள். வாசல் மூடுகிற நிலைமைக்கு வந்ததும், அவ கொரல் இதுக்காச்சும் ஒதவட்டும் என்று சொல்லிக்கொண்டு மறுபடி போட்டாள். ஒரு பாட்டு போயிற்று, இரண்டு போயிற்று. தூசி அசையவில்லை. மூன்றாவதும் நாலாவதும் முடிந்தன, அசையவில்லை. ஊர் உலகத்தில் எல்லா வீட்டிலும் போன தூசி இங்கே மட்டும் போகாமல் நின்றது. போக வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது அல்லவா, இனி எங்கே போகும்? கட்டுப்பாடு அவளுக்கும் தெரியும். அணைக்கக் கையை நீட்டினாள். வாசலில் அது நின்ற நிலையைப் பார்த்தாள். இதற்கு மேலே என்ன இருக்கிறது என்று இதுவும்தானே காத்துக்கொண்டு நிற்கிறது என்று தோன்றியது. நீட்டின கையால் சத்தத்தைக் கூட்டினாள். ஐந்தாவது பாட்டு தொடங்கியது.

அடி அழகா வந்துச்சுன்னு – அக்கா
அளந்து பாக்காமப் பாடிப்புட்டேன்
ஊரு மெச்சுன பாட்டுக்குள்ள – அக்கா
ஒன்ன வச்சுப் பொதைச்சுப்புட்டேன்

அடுத்த நாள், தை மாசத்து வெள்ளிக்கிழமை, பதினொரு மணி பஸ்ஸில் பச்சையம்மாள் சுண்ணாம்புமேட்டில் இறங்கினாள். தூசியும் கூடவே வந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் ரஞ்சன்குடியிலிருந்தே வந்ததாம், கண்டக்டர் ஜன்னலை எல்லாம் சாத்தச் சொல்லியிருந்தார். கலியம்மாள் வாசலில் துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அக்காளைப் பார்த்ததும் எழுந்து நுரைக் கையோடு அப்படியே நின்றாள். என்ன வேணுங்க என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தாள்.

பச்சையம்மாள் பையைக் கீழே வைத்தாள். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் எழுந்து போன அதே இடத்தில், காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"உக்காருடி" என்றாள்.

கலியம்மாள் உட்கார்ந்தாள். பச்சையம்மாள் கையை அவள் கழுத்தில் போட்டாள். ஒப்பாரிக்குப் பதில் ஒப்பாரியாகத்தான் சொல்ல வேண்டும். பாடத் தெரியாதவள் பாட ஆரம்பித்தாள். ராகமும் இல்லை, அடியும் இல்லை, சந்தையில் சாமான் பேர் சொல்வது மாதிரி கட்டைக் குரலில் இழுத்தாள்.

"நான் வந்தேன்டி... திருச்சி ஆஸ்பத்திரியில அவர வச்சுட்டு... பத்து மணி பஸ்ஸுல வந்தேன்டி... நீ எவ வூட்டுலயோ பாடப் போயிருந்த... தெருவே வேலைக்குப் போயிருந்துச்சு... ஆத்தாளுக்கு எண்ணெ வச்சு... தலைய வாரிப் பின்னுனது நாந்தான்டி..."

கலியம்மாள் வேலியோரம் நின்ற சுமதியைப் பார்த்தாள். நான் ஒரு நாளும் பின்னலையேக்கா என்று சுமதி தலையை ஆட்டினாள். எத்தனை எழவில் எத்தனை பேரை அழ வைத்தவள், அன்றைக்குப் பாட ஒரு வார்த்தை கிடைக்காமல் அக்கா தோளில் முகத்தை வைத்து வெறுமனே ஓவென்று அழுதாள். அவள் அழுத அழுகையில் அதுதான் மட்டம், அதைத்தான் ஊரே நின்று கேட்டது. தூசி அவர்களைச் சுற்றி ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பி நின்று கேட்டுவிட்டு, இறங்கி, இருவர் தலையிலும் மடியிலும், ஊறப்போட்ட துணியிலும், கூரைகளிலும் படிந்தது.

அன்றோடு வீடுகளில் அந்த வைத்தியம் நின்றுபோயிற்று. ஆல்பத்தைப் போட்டாலும் தூசி கிடக்கிற இடத்தில் கிடந்தது. சிலர் கலியம்மாளிடம் சண்டைக்கே வந்தார்கள். பிறகு வேட்டியை உதறப் பழகிக்கொண்டார்கள். சுமதி பழக்கத்தில் இன்னும் போடுகிறாள். இப்போது குறைத்து வைக்க அவசியம் இல்லாததால் சத்தமாகவே போடுகிறாள், கடைசி வரைக்கும் ஓடவிடுகிறாள். இதுவரை பாடை ஒன்றும் கிளம்பவில்லை. செல்லப்பன் ஐந்தாவது பாட்டில் வாசித்தது தனக்கு ரொம்பப் பிடித்திருப்பதாகப் போன மாதம் யாரோ ஒரு லாரி டிரைவர் நிறுத்திச் சொன்னார், அவன் ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ரஞ்சன்குடிக் கடையில் காலை ஏழு மணிக்கு ஆல்பம் ஓடும். அந்த நேரத்துக்கு வாசற்படிக்கு வெளியே ஒரு முறம் அளவு தூசி வந்து உட்கார்ந்திருக்கும், ஐந்தாவது பாட்டு முடிந்ததும் எழுந்து போகும். பச்சையம்மாள் அதைக் கூட்டுவதில்லை. சாப்பிட வருகிறவர்கள் மிதிக்காமல் தாண்டி உள்ளே போய், இரண்டு இட்லி, கெட்டிச் சட்னி என்கிறார்கள்.